நான் மாட்டிய தாழ்ப்பாள்

இடஒதுக்கீட்டு மறியலால் இன்று கள்ளக்குறிச்சி பஸ் வரவில்லை. மகளின் பள்ளிக் கூட்டத்துக்கு வந்த ஒரே பெற்றோர், பத்தாவதோடு படிப்பை நிறுத்தி, பள்ளிக்குப் பக்கத்திலேயே ஆடு வளர்க்கும் நான்தான்.

இனி பள்ளியில் வாரம் ஒரு குறையைச் சரிசெய்வார்களாம். அதற்குப் பெயர் தொடர் மேம்பாடு.

முதல் குறையை மகளே சொன்னாள்.

"கக்கூஸ் கதவுக்குத் தாப்பா இல்ல டீச்சர். பயந்துக்கினு பொண்ணுங்க யாரும் தண்ணியே குடிக்கறதில்ல."

எனக்கு மனசு கேட்கவில்லை. ஆட்டுக்கொட்டகைக்கு வாங்கி வைத்திருந்த தாழ்ப்பாளைக் கொண்டுவந்து நானே மாட்டினேன்.

மகள் பார்த்தாள்.

"இன்னாப்பா, வெளிப்பக்கம் போட்டுக்கீற? நாங்க இன்னா ஆடா?"

தலைமையாசிரியை சிரிப்பை அடக்கிக்கொண்டார். "பரவால்லைங்க, அடுத்த வாரத்துக்கும் ஒரு குறை கெடச்சுது."

அதுவரை பொறுப்பேனா? உடனே கழற்றி உள்பக்கம் மாட்டினேன். மகள் ஒரு பாட்டில் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள்.

கதவின் வெளிப்பக்கம் நான்கு ஆணி ஓட்டைகள் பாக்கி. எதை வைத்து அடைக்கலாம்? ஆடு வளர்க்காதவர்கள் யோசனை சொல்லவும்.