மெதுவாகப் பேசிய வாரம்

எலும்பு முறிவு வார்டில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த அந்த சிஸ்டரின் தொண்டை சாதாரணத் தொண்டை அல்ல. "ஏழாம் நம்பர், மாத்திரை போட்டாச்சா?" என்று அவர் கேட்டால், கீழ்த்தளத்தில் சீட்டு வாங்க நிற்பவர்கள்கூட "போட்டாச்சு" என்பார்கள்.

நாற்பத்தைந்து வயதில் அவர் முதுகலைப் படிப்பில் சேர்ந்தார். வேலையில் இருக்கும் நர்ஸுகளுக்காக இரண்டு வருடப் படிப்பை ஒரே வருடத்தில் முடித்துத் தரும் திட்டம். பட்டம் வந்தால் நர்சிங் கல்லூரியில் ஆசிரியை வேலை. ஆய்வறிக்கை தவறினால் அந்த இடம் வேறொருவருக்கு. நோயாளிகளின் பகல் ஓய்வைக் கெடுக்கும் சத்தம் எது என்பதே அவர் ஆய்வு. வார்டுச் சுவரில் சத்தம் அளக்கும் கருவியை மாட்டினார்.

முதல் வார வரைபடத்தைக் கணினித் திரையில் பார்த்த வழிகாட்டிப் பேராசிரியைக்கு சிஸ்டரின் மகள் வயதுதான் இருக்கும்.

"இந்த உச்சமெல்லாம் என்ன மேடம்? ஏதாவது மெஷினா?"

சிஸ்டரின் கண்கள் கலங்கின. "நான்தாம்மா."

ஒரு பெண்ணின் குரலே அவளுக்கு எதிரியாவதா!

"அப்ப சுலபம். அடுத்த வாரம் மெதுவா பேசுங்க. சத்தம் குறைஞ்சுதுன்னு காட்டிடலாம்."

வீட்டில் ஒத்திகை பார்த்தார். "ஏங்க, சாப்பிட வாங்க" என்று பூப்போல அழைத்ததும், பஸ் ஓட்டுநரான கணவர் பதறி எழுந்தார். "நான் என்ன தப்பு பண்ணேன்? வாய்விட்டுத் திட்டிடும்மா!"

திங்கட்கிழமை. ஏழாம் படுக்கையில் தையற்காரர். கால் எலும்பு கூடிவிட்டது. சிஸ்டர் குனிந்து, கையைப் பிடித்து, காதோடு சொன்னார்: "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம். பயப்படாதீங்க."

தையற்காரரின் முகம் வெளுத்தது. "பயமில்லன்னா ஏன் சிஸ்டர் இவ்வளவு மெதுவா சொல்றீங்க? உள்ளதச் சொல்லுங்க, தாங்கிக்கிறேன்."

அவர் வீட்டுக்கு போன் போட்டார். அரை மணியில் மனைவி, தம்பிகள், மச்சினிச்சி எல்லோரும் வந்துவிட்டார்கள். "என்னைத் தனியா விட்டுட்டுப் போறீங்களே!" என்று மனைவி வாசலிலேயே கதற, தையற்காரர் அழ, அவரைப் பார்த்துப் பக்கத்துப் படுக்கைகளும் அழுதன. சுவரிலிருந்த கருவி அதுவரை காணாத எண்ணைக் காட்டியது.

சிஸ்டர் பொறுமை இழந்தார். "கால் கூடிடுச்சு! கூட்டிட்டுப் போங்க!"

வார்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டது. "இப்படிச் சொல்லியிருந்தா அப்பவே எழுந்து நடந்திருப்பேனே!" என்று கண்ணைத் துடைத்தார் தையற்காரர்.

"அந்த ஒரு நாளை மட்டும் எடுத்துடலாமா மேடம்?" என்றார் பேராசிரியை.

"நடந்தத எழுதாம விட்டு எனக்குப் பழக்கமில்லம்மா."

எழுதினார். மற்ற ஆறு நாளும் சத்தம் பாதியாகக் குறைந்தது. ஆனால் நோயாளிகளின் நாடித்துடிப்பு ஏறியது. பழகிய குரல் திடீரென்று தணிந்தால் நோயாளி பயப்படுகிறார். முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டுத்தான் குரலைத் தணிக்க வேண்டும் என்று அறிக்கையை முடித்தார்.

ஆய்வறிக்கைக்கான நேர்காணலில் மூத்த தேர்வாளர் அறிக்கையை மூடி வைத்தார். "மெதுவா பேசினா ஒருத்தருக்குச் சாவு பயம் வருமா? நம்ப முடியலையேம்மா. இத எப்படி நான் பாஸ் போடறது?"

ஒரு வருட உழைப்பு! சிஸ்டர் எழுந்து தேர்வாளர் அருகே போனார். மணிக்கட்டைப் பிடித்து, குனிந்து, மிக மிக மெதுவாகச் சொன்னார்: "சார், நீங்க இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்."

தேர்வாளர் எச்சில் விழுங்கினார். பக்கத்திலிருந்த மற்ற இரு தேர்வாளர்களையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கு... ஒண்ணும் இல்லையே?"

"நாடி நூத்திப் பதினாலு சார்!" என்றார் சிஸ்டர், தம் சொந்தக் குரலில்.

தேர்வாளர் 'தேர்ச்சி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.