மருமகளுக்காக இடித்த மோச்சி

மூன்று வருடங்களுக்கு முன்பு, டிசம்பர் மாதத்தின் கடைசி வாரம். மெல்பேர்ணில், மல்கிரேவ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக் குசினியில்தான் இது தொடங்கியது. எனக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. நீண்ட காலம் இந்த நகரத்தில் பஸ் ஓட்டிவிட்டு ஓய்வுபெற்றிருந்தேன். தேத்தண்ணி போடுவதைத் தவிர அடுப்படியில் எனக்கு வேறு வேலை தெரியாது.

முதலில் என் பிழையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஒரே மகன் ஒரு ஜப்பானியப் பெண்ணை விரும்பிக் கலியாணம் செய்தபோது நான் போகவில்லை. “எங்கட ஆக்களுக்குள்ள பொம்பிளை இல்லையோ?” என்று கேட்டுவிட்டு, அவனோடு கதைப்பதையும் குறைத்துக்கொண்டேன். அவர்கள் நகரத்தின் மறுபக்கம், கிரெய்கிபர்னில் குடியேறினார்கள். மனைவி மாதம் ஒரு தடவை போய் வருவாள். நான் காரில் ஒரு மணி நேரம் ஓடி, அவளை வாசலில் இறக்கிவிட்டு, பக்கத்துப் பூங்காவில் காத்திருப்பேன். அந்த வீட்டுப் படி ஏறவே இல்லை. இரண்டு வருடம் இப்படியே போனது.

அந்த டிசம்பரில் மருமகள் ஏழு மாதக் கர்ப்பிணி. அவளைப் பார்த்துவிட்டு வந்து காரில் ஏறும்போதே மனைவியின் முகம் வாடியிருந்தது.

“பிள்ளை பாவம். இந்த நேரம் பிளேனில போகக் கூடாதெண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். புதுவருசத்துக்கு அவையின்ர வீட்டில எல்லாருமாச் சேர்ந்து மோச்சி இடிக்கிறவையாம். அதைச் சொல்லேக்க அவளுக்குக் கண் கலங்கிப்போச்சு.”

“அதென்ன சாமான்?”

“அரிசியிலதான். எங்கட கொழுக்கட்டை மாதிரி, ஆனா சவ்வு மாதிரி இழுபடுமாம்.”

வீடு வந்து, கார்க் கதவைச் சாத்தும்போது சொன்னேன்: “அதை நான் செய்யிறன்.”

“உங்களுக்கென்ன விசரே? வேணுமெண்டா கடையில வாங்கலாம்தானே.”

“இல்லை. என்ர கையாலதான்.”

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வராது. அதனால்தான் அந்தப் பிடிவாதம் வந்திருக்க வேண்டும்.

முதல் தடவை, வீட்டில் இடியப்பத்துக்கு வைத்திருந்த அரிசிமாவைத்தான் அவித்துப் பிசைந்தேன். உதிர்ந்து கொட்டியது. அதற்குப் பிறகுதான் யூடியூபைப் பார்த்து, அதற்கென்று ஒட்டும் அரிசி ஒன்று இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். ஸ்பிரிங்வேல் ஆசியக் கடையில் ஒரு பை வாங்கிவந்து, ஊறவைத்து, இடியப்பப் பானையில் அவித்தேன். உரலுக்குப் பதில் தடித்த எவர்சில்வர் சட்டி, உலக்கைக்குப் பதில் உருளைக்கட்டை. சோறு சூடு ஆறுவதற்குள் இடிக்க வேண்டும். ஆவி முகத்தில் அடிக்க, சோறு கட்டையைப் பிடித்துக்கொண்டு விடாது. அரை மணி நேரத்தில் தோள்மூட்டு கழன்றுவிடும்போல இருந்தது. ஆனால் சோறு சோறாகவே கிடந்தது. அடுத்த நாள் மறுபடியும் அவித்தேன். இந்த முறை கட்டையைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து இடித்தபோது, வெள்ளையாக, பளபளவென்று, இழுத்தால் நீளும் பதத்துக்கு வந்தது. சோளமாவைத் தூவி, கொழுக்கட்டை அளவில் உருட்டி, ஒரு டப்பாவில் அடுக்கி மேசையில் வைத்தேன்.

மெல்பேர்ணில் டிசம்பர் கோடைகாலம்; வெயில் விட்டுவைக்கவில்லை. இரண்டு நாளில் திறந்து பார்த்தால் பச்சைப் பூஞ்சணம். “சுரண்டிப்போட்டுக் குடுக்கலாமோ?” என்று கேட்டேன். மனைவி பார்த்த பார்வையிலேயே அவ்வளவையும் குப்பையில் கொட்டினேன். முப்பத்தோராம் திகதி காலை மீண்டும் ஊறிய அரிசி, மீண்டும் இடி. இந்தத் தடவை உருட்டியவுடன் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன்.

புதுவருடத்தன்று முதல் தடவையாக மகனின் வீட்டு வாசலில் நின்றேன். மருமகள் கதவைத் திறந்து, வயிற்றைப் பிடித்தபடி குனிந்து வணங்கினாள். நான் டப்பாவை நீட்டினேன். அவள் மூடியைத் திறந்ததும்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. அத்தனையும் கல்லாக இறுகிப் போயிருந்தன. ஒன்றை எடுத்து மேசையில் தட்டினாள். டக்கென்று சத்தம். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

அவள் சிரித்தாள். “மாமா, இது சரி. சூடு, சூடு!” என்றாள். அவள் தமிழ் பேசுவாள் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கிரில்லில் வைத்தாள். கல்லாகக் கிடந்த மோச்சி மெல்ல இளகி, மேல்தோல் மொறுமொறுப்பாகி, குட்டிப் பலூன்போல ஊதியது. சோயா சோஸ் தடவி எல்லோருக்கும் தட்டில் வைத்தாள். அவள் கண்ணில் நீர் நின்றது. எனக்கு வந்த சந்தோஷத்தில் ஒரு முழு மோச்சியைத் தூக்கி வாயில் போட்டுக்கொண்டேன்.

அது தொண்டையில் ஒட்டியது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. இருமல்கூட வரவில்லை. மேசையைப் பிடித்தபடி எழுந்தேன், உட்கார்ந்திருந்த கதிரை சாய்ந்து விழுந்தது. மனைவி “ஐயோ!” என்று கத்துகிறாள், மகன் அம்புலன்சுக்குப் போன் அடிக்கிறான், எல்லாம் தூரத்தில் நடப்பதுபோல இருந்தது. அந்தப் பிள்ளைதான் ஓடி வந்தாள். ஒரு கையால் என் நெஞ்சைத் தாங்கி முன்னுக்குக் குனிய வைத்து, மறு உள்ளங்கையால் தோள்பட்டைகளுக்கு நடுவில் ஓங்கி அடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது அடியில் அது வெளியே வந்து விழுந்தது. மூச்சு உள்ளே போன சத்தம் எனக்கே கேட்டது.

அவள் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். ஜப்பானிய மொழியில் என்னவோ ஏசிவிட்டு, “சின்னது! சின்னதாச் சாப்பிடுங்கோ, மாமா!” என்று அழுதாள். புதுவருடத்தில் வயதானவர்களுக்கு மோச்சி அடைத்துக்கொள்வது அவர்கள் நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்தாம். அதனால் இந்த முதலுதவியை அவள் முன்பே பழகி வைத்திருந்தாள். நான் அவள் பக்கத்தில் நிலத்திலேயே உட்கார்ந்து, “என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை” என்றேன். எதற்கென்று அவள் கேட்கவில்லை. அம்புலன்சில் வந்தவர்கள் என்னைச் சோதித்துப் பார்த்து, பயமில்லை என்று சொல்லிப் போனார்கள்.

“இனி இந்தச் சாமான் எங்கட வீட்டுக்க வரக்கூடாது” என்று மனைவி சட்டம் போட்டாள். நான் கேட்கவில்லை. பயந்து விட்டுவிட்டால், அந்தப் பிள்ளையின் புதுவருடத்தில் நான் மூச்சடைத்து நின்ற காட்சி மட்டும்தான் மிஞ்சும். அடுத்த கிழமையே அவளிடம் போய், “முறையாச் சொல்லித் தா” என்றேன். சொல்லித் தந்தாள். சூடு ஆறியதும் இறுகுவதற்கு முன்பே ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சுற்றி ஃபிரீசரில் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். தின்னும்போது விரல்நுனி அளவுக்கு வெட்டி, தொண்டையை நனைத்துக்கொண்டு, நன்றாக மென்று தின்ன வேண்டும்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு டிசம்பரிலும் நான்தான் இடிக்கிறேன். மகன் சட்டியைப் பிடிப்பான், மருமகள் சுற்றி வைப்பாள். மூன்று வயது நிரம்பாத பேத்திக்கு இன்னும் கொடுப்பதில்லை. அவளுக்கு வெறும் சோறுதான்.

யாரை என் வீட்டுக்குப் பொருந்தாதவள் என்று நினைத்தேனோ, அவள் அடித்து மீட்டுத் தந்த மூச்சில்தான் இன்று பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன் என்ற நினைவு, அதன்பிறகு ஒரு மனிதரையும் பழகாமல் எடைபோட என்னை விடுவதில்லை.