கல்லூரியின் முதல் கம்ப்யூட்டரும் டப்பா அக்காவும்

அந்த பியூட்டி பார்லருக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி முடியைப் பற்றி இருக்காது. நாற்காலியில் சாய்ந்து, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, தலையில் கிரீம் ஏறி முடித்த நேரத்தில், பின்னால் தொங்கும் திரைக்குள்ளிருந்து ஓர் உறுமல் கேட்கும். அப்புறம் யாரோ பல்லை நறநறவென்று கடிப்பதுபோல் ஒரு சத்தம். கடைசியாக ஒரே ஒரு 'பீப்'.

"அக்கா, உள்ள யாரு?"

"யாருமில்லம்மா, டப்பா ஓடுது. நீ தலைய ஆட்டாத, கிரீம் காதுல வழியும்."

திரைக்குப் பின்னால் பத்தடிக்கு எட்டடி அறை. அதில் மூன்று சுவருக்கும் அலமாரி. அலமாரி நிறையப் பழைய கம்ப்யூட்டர்கள், எண்ணிப் பார்த்தால் பதினேழு. அம்மிக்கல் கனத்தில் கீபோர்டுகள், பின்பக்கம் பானை மாதிரி புடைத்த மானிட்டர்கள், ஷாம்பு வந்த அட்டைப்பெட்டிகளில் அடுக்கிய ஃபிளாப்பிகள். பதினேழில் பதினாறு ஓடும். ஓடாத அந்த ஒன்றின் மேல் அக்காவின் மாமியார் துண்டு மடித்து வைப்பார். "ஏதோ ஒண்ணாச்சும் உருப்படியா உபயோகப்படுதே" என்பது அவர் கட்சி.

தெருவில் எல்லோருக்கும் பார்லர்காரி டப்பா அக்காதான். கூப்பிட்டால் கோபமெல்லாம் வராது. ஆனால் கண்ணாடிக்குப் பக்கத்தில், ஹேர் டிரையருக்கு மேலே, சட்டம் போட்டு மாட்டியிருக்கும் காகிதத்தை மட்டும் யாரும் சும்மா கடந்துபோக முடியாது. வேதியியல் இளங்கலைப் பட்டம். அவள் குடும்பத்தில் அவளுக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர் ஒருவரும் இல்லை. அப்பா செங்கல் சூளையில் கல் அறுத்தவர். மகள் பட்டம் வாங்கிய அன்று அந்தக் காகிதத்தை ஈரக்கையால் தொட்டுவிடுவோமோ என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டே பார்த்தாராம்.

பார்லர் திறந்தபோது சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா?

"அவ்வளவு படிச்சு, கடைசியில ஊரான் தலைய கழுவவா?"

"கழுவத்தான். எந்தத் தலைக்கு எத்தன சதவீதம் பெராக்சைடு போட்டா வெளுக்கும், எத்தன போட்டா பொசுங்கும்? படிக்காம சொல்லு பாப்போம்" என்பாள் அக்கா. 

கம்ப்யூட்டரில் அவள் கை வைத்ததும் அந்தப் படிப்பின் வழியாகத்தான். வீட்டுக்காரர் குழாய் ரிப்பேர் செய்கிறவர். பழைய அலுவலகங்களின் அடித்தளங்களில் நீர்க்கசிவு பார்க்கப் போகிறவர், ஒருநாள் தூக்கிப்போட வைத்திருந்த கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தார். டி.வி. வைக்க மேடையாகும் என்பது அவர் கணக்கு. அக்கா பார்த்தது அதன் நிறத்தை. பல் தேய்க்காதவன் பல் மாதிரி மஞ்சள். பிளாஸ்டிக் ஏன் இப்படி மஞ்சளாகிறது என்று யோசித்தாள். முடியை வெளுக்கவைக்கும் பெராக்சைடு இதை வெளுக்காதா? பன்னிரண்டு சதவீத கிரீமைப் பூசி, பிளாஸ்டிக் தாளால் சுற்றி, மொட்டைமாடி வெயிலில் வைத்தாள். வெளுத்தது. ஆனால் திட்டுத்திட்டாக, வரைபடத்தில் நாடுகள் மாதிரி வெளுத்தது. அரைமணிக்கு ஒருதரம் திருப்பிவைத்து, கிரீமைக் காயவிடாமல் மறுபடி பூச வேண்டும் என்று நாலாவது முறைதான் பிடிபட்டது.

மூடியைக் கழற்றியதால் உள்ளே பார்க்க வேண்டியதாயிற்று. உள்ளே விரல் நுனியளவு பேட்டரி ஒழுகி, சுற்றிலும் பச்சை பூத்திருந்தது. எலெக்ட்ரானிக்ஸ் கடைக்காரர் "போர்டு போச்சு" என்றார். அக்கா முகர்ந்து பார்த்தாள். காரம் கசிந்திருக்கிறது. காரத்தை அடக்க அமிலம். அடுப்படியிலிருந்து வினிகரை எடுத்து, காது குடையும் பஞ்சுக்குச்சியில் தோய்த்துத் தொட்டாள். நுரைத்தது. அந்த நுரையைப் பார்த்தபோது, மூன்று வருஷம் கல்லூரியில் படித்ததெல்லாம் ஒரே கணத்தில் கைக்கு வந்த மாதிரி இருந்தது என்று இன்றைக்கும் சொல்வாள்.

இப்படியிருக்கும்போதுதான் முதல்வரம்மா நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பேச்சை எடுத்தார். அக்கா படித்த அதே கல்லூரியின் இப்போதைய முதல்வர் அவர். மாதம் ஒருமுறை நரைக்குச் சாயம் போட வருகிறவர்.

"கம்ப்யூட்டர் துறைக்கு முப்பதாவது ஆண்டு விழா வருதும்மா. காலேஜ் வாங்குன முதல் கம்ப்யூட்டர் ஸ்டோர் ரூம்ல கெடக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெக்கப் போறோம்."

"ஓடுதாங்க?"

"எங்க? உயிர் போயி ரொம்ப நாளாச்சுன்னு துறைத்தலைவர் சொல்லிட்டாரு."

அக்காவின் கையில் பிரஷ் அப்படியே நின்றது. அந்த கம்ப்யூட்டரை அவளுக்குத் தெரியும். கல்லூரியிலேயே ஏ.சி. இருந்த ஒரே அறையில் அதுதான் இருந்தது. செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், அதுவும் கம்ப்யூட்டர் துறைக்காரர்கள் மட்டும். வேதியியல் பெண்கள் கண்ணாடிச் சன்னலில் மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு வகுப்புக்கு ஓடுவார்கள். மூன்று வருஷத்தில் ஒரு விசையைக்கூட அவள் தொட்டதில்லை.

"என்கிட்ட குடுங்கம்மா. நான் ஓட வெக்கிறேன்."

மறுநாள் துறைத்தலைவரே பெட்டியோடு வந்தார். இறக்கி வைத்துவிட்டு, கண்ணாடியையும் நெயில் பாலிஷ் வரிசையையும் ஒரு சுற்று பார்த்தார்.

"இங்கயாம்மா வெச்சு ரிப்பேர் பண்றீங்க?"

"ஆமா சார். உக்காருங்க, புருவம் எடுக்கணும்னாலும் எடுத்துவிடறேன்."

அவர் சிரிக்கவில்லை. "மூணு வாரம் இருக்கு. வரலன்னா விட்டுடுங்க. உள்ள ஒரு சின்ன புது போர்ட ஒளிச்சு வெச்சு, திரையில பழைய எழுத்து ஓடற மாதிரி காட்டிடலாம். பாக்கறவங்களுக்கு என்ன தெரியப்போவுது?"

"செத்தவங்களுக்கு மேக்கப்பா? நான் கல்யாணப் பொண்ணுக்குத்தான் சார் போடுவேன்" என்றாள் அக்கா. "உள்ளதே ஓடும். ஓடிச்சுன்னா, பக்கத்துல வெக்கிற அட்டையில என் பேரு, பட்டம், தொழில் மூணும் இருக்கணும்."

"தொழிலுமா?"

"தொழிலும்தான்."

"மொதல்ல ஓடட்டும்மா" என்று கிளம்பிவிட்டார். அதில் சம்மதமும் இருந்தது, நம்பிக்கையில்லாமையும் இருந்தது.

போர்டில் ஏழு கம்பித்தடங்களை பேட்டரிக் கசிவு தின்றிருந்தது. தலைமுடியைவிட மெல்லிய தடங்கள். முகத்தில் கரும்புள்ளி பார்க்கும் விளக்குப் பூதக்கண்ணாடியை இழுத்து வைத்துக்கொண்டு, புருவம் பிடுங்கும் இடுக்கியால் ஒற்றைச் செம்பு இழையை எடுத்து, ஒவ்வொரு தடமாக வைத்துப் பற்றவைத்தாள். ஒரு தடத்துக்கு ஒரு நாள். "எத்தன கல்யாணப் பொண்ணு வரவு போச்சு" என்று மாமியார் முணுமுணுத்தாலும், சாப்பாட்டுத் தட்டைத் திரைக்கு உள்ளேயே கொண்டுவந்து வைத்தார்.

போர்டு பிழைத்தது. ஆனால் ஹார்டு டிஸ்க் அசையவில்லை. இருபது மெகாபைட், ஒரு செங்கல் அளவு. வருஷக்கணக்காகச் சும்மா கிடந்தால், உள்ளே தகவலைப் படிக்கும் முள், சுழலும் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதற்கு மருந்து கிடையாது, கைதான். மின்சாரம் ஏறும் அதே நொடியில், டிஸ்க்கைக் கையில் பிடித்து மணிக்கட்டால் வெடுக்கென்று ஒரு திருப்பு. குறைந்தால் விடாது. கூடினால் முள் தட்டைக் கீறி, உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். பார்லரில் மாமியார் விசையைப் போட, ஒரே திருப்பில் விட்டது. அது உறுமி எழுந்தபோது அக்கா போட்ட சத்தத்தில், தலையில் கிரீமோடு இருந்த பெண் எழுந்து ஓடிவந்துவிட்டாள்.

விழா அன்று காலை, வீட்டுக்காரரின் வண்டியில், குழாய்களையெல்லாம் இறக்கிவிட்டு மெத்தை விரித்து, அதன்மேல் கம்ப்யூட்டரை வைத்துக் கொண்டுபோனார்கள். பெராக்சைடில் வெளுத்து, வெள்ளை வெளேரென்று மேடையில் உட்கார்ந்தது அது. அரங்கில் முந்நூறு பேர். முதல்வரம்மா மைக்கில் "நம்ம கல்லூரியின் பழைய மாணவி" என்று சொல்லி முடிக்க, அக்கா விசையைப் போட்டாள்.

பெட்டிக்குள் மின்விசிறி சுற்றியது. திரையில் எண்கள் ஓடின. அப்புறம் ஒன்றுமில்லை. உறுமல் வரவில்லை. டிஸ்க் இல்லை என்று திரை ஒரு வரி எழுதிவிட்டு நின்றது.

வழியில் வண்டி குலுங்கியதில் முள் மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தது.

துறைத்தலைவர் பக்கத்தில் வந்து குனிந்தார். அவர் பையில் அந்தச் சின்ன போர்டு தயாராக இருந்தது. "ஒண்ணும் கெட்டுப்போகலம்மா. மைக்ல பாட்டு போடச் சொல்றேன். அஞ்சு நிமிஷத்துல மாட்டிடலாம். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே சார்."

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மேடையிலேயே மூடியைக் கழற்றினாள். அரங்கில் சலசலப்பு. பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "அக்கா, ரெண்டு தட்டு தட்டுங்க!"

"தட்டறது உங்க வீட்டு டி.வி.க்கு. இது மானம் உள்ளது, தட்டுனா வராது" என்றாள் நிமிராமல். சிரிப்பு எழுந்தது. அவள் சிரிக்கவில்லை. டிஸ்க் கையில் கனத்தது. பார்லரில் திருப்பியபோது தோற்றிருந்தால் தனக்கும் மாமியாருக்கும் மட்டும் தெரிந்திருக்கும். இங்கே தோற்றால் அவள் வெறும் பார்லர்காரி, டிஸ்க் பிணம், கம்ப்யூட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள்.

ஒரு திருப்பு. ஒன்றுமில்லை. இன்னொன்று. ஒன்றுமில்லை.

முன்வரிசையில் வீட்டுக்காரர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். "நிதானம்மா, நிதானம்" என்று அவர் உதடு மட்டும் அசைந்தது.

ஒரு கையால் விசையைப் போட்டு மறு கையால் திருப்புவதில் நொடி பிசகுகிறது என்று அக்காவுக்குப் புரிந்தது. பார்லரில் விசையைப் போட்டது மாமியார் அல்லவா! நிமிர்ந்தாள். "அந்த ஃபேனையெல்லாம் நிறுத்துங்க. எனக்குச் சத்தம் கேக்கணும். சார், நீங்க வாங்க. சுவிட்சுல கை வைங்க. நான் சொன்னதும் போடணும், ஒரு மூச்சு முந்தியும் கூடாது, பிந்தியும் கூடாது."

துறைத்தலைவர் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து விசையில் விரலை வைத்தார். விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அக்கா டிஸ்க்கை இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில் ஏந்தினாள்.

"போடுங்க!"

மணிக்கட்டு திரும்பியது. ஒரு 'ணக்'. அப்புறம் அடிவயிற்றிலிருந்து கிளம்புவதுபோல் மெல்ல ஆரம்பித்து, ஏறி, ஏறி, அரங்கு முழுக்க நிறைந்தது உறுமல். கைதட்டல் கிளம்பியது. "உஷ், இன்னும் இருக்கு!" என்று அடக்கினார் துறைத்தலைவர், அக்கா இல்லை. பல்லைக் கடிக்கும் சத்தம். ஒரு 'பீப்'. பச்சை எழுத்து வந்து கண் சிமிட்டிக்கொண்டு நின்றது.

அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண்ணாடிக்கு வெளியிலிருந்து மட்டுமே பார்த்த விசைகளில் மூன்றை அழுத்தினாள். முப்பது வருஷத்துக்கு முந்தைய தேதிகளோடு பதினோரு கோப்புகள் திரையில் வரிசையாக இறங்கின. இப்போது கைதட்டலை யாராலும் அடக்க முடியவில்லை.

கூட்டம் மேடையைச் சூழ்ந்தது. ஒரு மாணவன் போனைத் தூக்கிக் காட்டினான். "அக்கா, என் போன்ல ரெண்டு போட்டோ எடுத்தா இந்த டிஸ்க் நெறஞ்சிடும்."

"சரிப்பா. உன் போன் முப்பது வருஷம் கழிச்சு ஓடுச்சுன்னா வந்து சொல்லு. அன்னிக்கு உனக்கு நான் ஃப்ரீயா முடி வெட்டிவிடறேன். முடி இருந்தா."

அவன் நண்பர்கள் அவன் முதுகில் அறைந்து சிரித்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் துறைத்தலைவர் அட்டை அச்சடித்துக் கொண்டுவந்து வைத்தார். அக்கா படித்தாள். பெயர் இருந்தது. பட்டம் இருந்தது. அவ்வளவுதான் இருந்தது.

"சார், தொழில்?"

"இடம் பத்தல மேடம்."

"எழுத்தைச் சின்னதாக்குங்க, பத்தும்" என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. வாடிக்கையாளரிடம் 'இன்னும் பத்து நிமிஷம் ஊறணும்' என்று சொல்கிற அதே குரல். "பட்டம் இல்லாம இது வெளுத்திருக்காது. பார்லர் இல்லாம இது ஓடியிருக்காது. அந்த ஏழு தடத்தையும் புருவ இடுக்கியாலதான் வெச்சேன்."

 அவர் அட்டையைத் தானே எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனார். திரும்பி வந்தபோது எழுத்து சின்னதாகியிருக்கவில்லை, அட்டைதான் பெரிதாகியிருந்தது. பெயர், வேதியியல் இளங்கலை, அழகுநிலைய உரிமையாளர். மூன்று வரி.

அக்கா அதைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் நேராக நிறுத்திவைத்து, பக்கத்தில் போய் நின்றாள். வீட்டுக்காரர் போனை நீட்டிப் பிடித்து ஒரு கண்ணை மூடினார்.

"ஏங்க, என் மூஞ்சி மங்கலா விழுந்தாலும் பரவால்ல. அட்டை தெளிவா விழணும்."

"ரெண்டும் விழும், நீ மொதல்ல சிரி" என்றார் அவர்.