முருகேசண்ணே அளந்த பதினாலு கல்லு

முருகேசண்ணே போயிட்டாரு. காலையில தேவாரம் ஊர்ல இருந்து அவர் மகன் போன் பண்ணுனான்.

ஞாயித்துக்கிழமை பாக்க வர்றேன்னு சொல்லியிருந்தேன்... இன்னைக்கு வெள்ளி.

எண்பதுகள்ல போடிமெட்டுக்கு மேல ஒரு ஏலத்தோட்டத்துல அவர் வேலையாள், நான் கணக்கப்பிள்ளை. கணக்குல முப்பத்தஞ்சு மார்க் வாங்குனவனுக்கு அந்த வேலைய யார் குடுத்தாங்கன்னு கேக்காதீங்க.

மதுரையில இருந்து ஒரு காலேஜ் வாத்தியார் வந்தாரு. ஏலச்செடிக்கு நடுவுல பழங்காலத்துக் கல்திட்டைங்க நிக்கும்... சுத்தியும் பலகைக்கல்லு, மேல ஒரு மூடிக்கல்லு. செத்தவங்களுக்குக் கட்டுனதாம். ஒவ்வொண்ணையும் அளந்து கட்டம் போட்ட ஃபாரத்துல எழுதிக் குடுத்தா, கம்ப்யூட்டர்ல ஏத்தி எது எதோட சேர்த்தின்னு பாக்கலாமாம். கம்ப்யூட்டர்ங்கிற வார்த்தையவே அன்னைக்குத்தான் கேட்டேன்.

ஃபாரத்தைக் குடுத்துட்டு அவர் மதுரைக்குப் போயிட்டாரு. அளக்க முருகேசண்ணே, எழுத நான்.

அண்ணே டேப்போட கல்லுக்குள்ள தவழ்ந்து போவாரு. நான் வெளிய குடையப் பிடிச்சு நின்னு, "உள்ள பாம்பு இருக்காண்ணே?"ன்னு கேப்பேன்.

"இருந்தா ஒன்னயக் கேட்டுட்டுத்தான் கடிக்கும் மாப்ளே. நம்பரை எழுது."

எழுதுனேனா?

மழை... காலெல்லாம் அட்டை. பாக்க எல்லாக் கல்லும் ஒண்ணுபோலத்தான் இருந்துச்சு. தோட்டத்து ஆள்பேர் நோட்டுல, மேல உள்ளதே கீழயும்னா ரெண்டு கோடு இழுத்து டிட்டோ போடுவோம். அந்தக் கைப்பழக்கம். அண்ணே உள்ள இருந்து கத்துன நம்பரை விட்டுட்டு, பதினாலு கல்லுக்கு டிட்டோ போட்டேன்.

டிட்டோ மெஷினுக்குப் புரியாதுன்னு எனக்கு என்ன தெரியும்...

ஃபாரமெல்லாம் கம்ப்யூட்டர்காரங்ககிட்டயே தங்கிருச்சு. வாத்தியார் கைக்கு அச்சடிச்ச தாள்தான் வந்துச்சு. அதுல பதினாலு வரி வெறுங்கட்டம். திரும்ப அளக்க அவர் மலையேறி வந்தப்போ, அந்தப் பதினாலையும் தோட்டத்துல உடைச்சு ஏலக்காய் ஸ்டோருக்குத் தளம் போட்டாச்சு.

காலையில ஆளுங்க வரிசையா நிக்கிற எடத்துல வச்சே அண்ணன்கிட்ட கேட்டாரு. "இதை அளந்தீங்களா, இல்லையா?"

"அளந்தேன் சார்."

"அப்ப நம்பர் எங்க?"

அண்ணே என்னையப் பாத்தாரு. நான் என் செருப்பைப் பாத்தேன்.

அதுக்கப்புறம் அந்த வாத்தியார் அவரை அளக்கக் கூப்பிடவே இல்ல. தோட்டத்து ஆளுங்களும் கிண்டல் பண்ணாம விடல. "என்ன முருகேசா, டேப்பு போட்டியா, கதை விட்டியா?" நானும் சேர்ந்து சிரிச்சிருக்கேன். எழுத வெக்கமா இருக்கு... எழுதிட்டேன்.

இப்ப என் மக தொல்லியல் படிக்கிறா. அந்தப் பழைய தாளைத் தேடிப் பிடிச்சு, மலை மொத்தத்தையும் லேப்டாப்புல வரைபடமா போட்டுட்டா. அதுல அந்தப் பதினாலு கல்லு மட்டும் காணோம். "உள்ள போனவர் இருக்காருல்லப்பா, எதுல நிமிர்ந்து உக்கார முடிஞ்சுது, எதுல படுக்கத்தான் முடிஞ்சுதுன்னு சொன்னாலே போதும்"னா.

போன மாசம் அண்ணனுக்குப் போன் போட்டேன். "மெஷின் தின்ன கல்லையா பாப்பா கேக்குது? கூட்டிட்டு வா மாப்ளே, வெரலை வச்சுக் காட்டுறேன்"னாரு.

நாப்பது வருசமா மெஷின் தின்னுருச்சுன்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்திருக்காரு. நேர்ல போனா உண்மையச் சொல்லணும். அதுக்குப் பயந்தே நாலு ஞாயிறு தள்ளிப் போட்டேன்.

மத்தியானம் மக கேட்டா, "கட்டத்தைச் சும்மா விட முடியாதுப்பா, காரணம் போடணும். 'அளக்கப்படவில்லை'ன்னு போட்டுரவா?"

"போடாத. அளந்தாரு."

"யாருப்பா சாட்சி?"

சொன்னேன். எல்லாத்தையும். அவ லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கிட்டா. அப்புறம், "அளந்தவர் முருகேசன். எழுதியவர் பதிவு செய்யவில்லை"ன்னு அடிச்சா. எழுதியவர் பேருக்கு ஒரு கட்டம் இருந்துச்சு. என் பேரைப் போடச் சொன்னேன்.

அந்த நம்பரெல்லாம் இனி யார்கிட்ட போய்க் கேப்பேன்... யார்கிட்டயும் இல்ல.

சாயங்காலம் எடுக்கிறாங்களாம். பஸ்சுல உக்காந்துதான் இதை டைப் பண்றேன். கூட வேலை பாத்தவங்க யாராவது இதைப் படிச்சா, நாம சிரிச்சது தப்புன்னு தெரிஞ்சுக்கங்க.

அண்ணே... நீங்க அளந்தீங்க. போயிட்டு வாங்கண்ணே.