ஜிபார் வாயில் வராத ஒரு பெயர்

ஜிபாருக்கு வாய் கொஞ்சம் நீளம். ஊரில் இதைச் சொன்னவர்கள் எல்லோருமே அவள் காதுக்கு எட்டாத தூரத்தில் நின்றுதான் சொன்னார்கள். இசிக்குல் ஏரியின் தென்கரைச் சாலையில், பேருந்து நிறுத்தத்து நிழலில் உட்கார்ந்து, வாளி வாளியாக ஆப்ரிகாட் பழம் விற்பவள். பேரம் பேசும் லாரிக்காரன், வேலி தாண்டும் பக்கத்து வீட்டுக் கழுதை, மலை மேய்ச்சலுக்கு ஆடுகளோடு போய் ஒரு சேதியும் அனுப்பாத கணவன் என்று அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் யாரும் கிடையாது.

அப்பேர்ப்பட்ட வாயில் ஒரே ஒரு சொல் மட்டும் வராது. மாமனாரின் பெயர். மருமகளானவள் அதைச் சொல்லக்கூடாது. அந்தத் தெருவில் பாதிப் பேர் இந்த வழக்கத்தை எப்போதோ காற்றில் பறக்கவிட்டுவிட்டார்கள். ஜிபார் விடவில்லை. மாமனாரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனபோது, தன் பெயரைத் தானே சொல்ல அந்த மனுஷர் இறங்கி வரமாட்டார் என்பதால், நர்ஸ் பெயர் கேட்டால் சொல்வதற்கென்றே பக்கத்து வீட்டு சூராவையும் பஸ் ஏற்றி அழைத்துப் போனாள். சூரா ஜன்னலோரம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டே போனாள், ஒரு சொல் சொன்னாள், ஒரு வாளிப் பழத்தோடு திரும்பினாள்.

அன்று தலைநகரத்து ஓவியக் கல்லூரி மாணவர்கள் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். ஏரிக்கரையில் உள்ள பேருந்து நிறுத்தச் சித்திரங்களையெல்லாம் பார்த்து, வரைந்தவர்களின் பட்டறைகளுக்கும் போய், எல்லாவற்றையும் ஒரு வரைபடமாக அச்சிடப் போகிறார்களாம். ஜிபாரின் தலைக்கு மேலே, நிறுத்தத்துச் சுவரில், உடைந்த ஓடும் கண்ணாடியும் பதித்துச் செய்த நீலக் காட்டாடு ஒன்று ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றது. அதன் ஒரு கண் மட்டும் லேசாக அவளுடைய வாளியைப் பார்த்தது.

"அக்கா, இதைச் செஞ்சது யாருன்னு தெரியுமா?" என்று கேட்டாள் பெகிமாய் என்ற பெண். கூட்டத்துக்கு அவள்தான் தலைவி போலிருந்தது.

"தெரியாம என்ன? எங்க வீட்டுப் பெரியவர்தான்."

"அவரு பேரு?"

"பெரியவர்."

"ஐயோ அக்கா, பேரு!"

"நான் அந்த வீட்டு மருமக. எப்படிச் சொல்லுவேன்?"

மாணவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். "எல்லாப் புத்தகத்துலயும் 'கலைஞர் பெயர் தெரியவில்லை'ன்னுதான் இருக்கு. நாங்களும் அப்படியே போட்டுடவா?" என்றாள் பெகிமாய்.

அது ஜிபாருக்குச் சுருக்கென்றது. அந்த ஆட்டின் நிழலில்தான் அவள் பிழைப்பே நடக்கிறது. செய்தவருக்குப் பெயரில்லை என்று அச்சடித்து ஊர் ஊராகக் கொடுப்பார்களா? சூராவுக்குப் போன் போட்டாள். தெருவே பக்கத்து ஊர்க் கல்யாண விருந்துக்குப் போயிருந்தது. அக்கார்டியன் வாத்தியச் சத்தத்துக்கு நடுவே சூரா "ஆங்? ஆங்?" என்றாளே தவிர வேறொன்றும் நடக்கவில்லை.

"சொல்ல வேணாம், இதுல டைப் பண்ணிடுங்க," என்று பெகிமாய் தன் போனை நீட்டினாள்.

"வாயால சொன்னா என்ன, விரலால சொன்னா என்ன? ரெண்டும் ஒண்ணுதான். வாங்க, அவரையே கேட்டுக்குங்க."

கிழவரின் பட்டறை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. பழைய ஆட்டுக் கொட்டகை, தகர டப்பாக்களில் நிறம் நிறமாய்க் கண்ணாடிச் சில்லு. கிழவர் வாசலில் வந்து நின்றார். பெகிமாய் மரியாதையாக வணங்கி, "தாத்தா, உங்க பேர் என்னன்னு…" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், அவர் முகம் சிவந்துவிட்டது.

"என் பேர் தெரியாமயா என் வீட்டுக்கு வந்தீங்க? பேரைத் தெரிஞ்சுக்கிட்டு வாங்க. இல்லைன்னா டீ குடிச்சிட்டுக் கிளம்புங்க."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது. கர்வத்துக்கு ஒரு பட்டப்படிப்பு இருந்தால் அவர்தான் முதல் மாணவர் என்று ஜிபார் மனதுக்குள் கருவினாள்.

"திறங்க மாமா, சின்னப் பசங்க!" என்று தட்டினாள்.

"அதான் பெரிய மருமக நீ இருக்கியே, சொல்லிக் கொடு!" என்றது உள்ளிருந்து குரல்.

சாலையில் வேன் டிரைவர் ஹாரன் அடித்தான். இருட்டுவதற்குள் இன்னும் இரண்டு ஊர் பார்க்க வேண்டுமாம். பெகிமாய் போனைப் பையில் வைத்தாள். "பரவாயில்லக்கா, தெரியலன்னே போட்டுக்கறோம்," என்று திரும்பி நடந்தாள். பிள்ளைகள் பின்னாலேயே போனார்கள்.

ஜிபார் அவர்கள் முதுகைப் பார்த்தாள், சாத்திய கதவைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் கட்டிக் காத்ததெல்லாம் இன்றோடு போகட்டும் என்று துணிந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, பழம் விற்கும் அதே குரலில் கத்தினாள்:

"காசிமாலி!"

கழுதைகூட நிமிர்ந்து பார்த்தது. மாணவர்கள் நின்றுவிட்டார்கள். ஜிபாருக்குக் காது வரை எரிந்தது. ஏன் சொன்னோம் என்றிருந்தது.

கதவு மெல்லத் திறந்தது.

"யாரு கூப்பிட்டது?"

"நான்தான் மாமா. மன்னிச்சிடுங்க. வேற வழி தெரியல."

கிழவர் கோபப்படவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊருக்கெல்லாம் அவர் தாத்தா. வீட்டில் அவர் பெரியவர். பேர் சொல்லிக் கூப்பிட்ட கூட்டாளிகள் ஒவ்வொருவராக மேட்டுக் கல்லறைக்குப் போய்விட்டார்கள். சூரா சொல்வதுகூட நர்ஸ் காதுக்குத்தான், அவரைக் கூப்பிடுவதற்கல்ல. இதெல்லாம் ஜிபாருக்கு இப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் மரியாதை என்று நினைத்தாளே, அதில் இந்த மனுஷனும் சேர்ந்து காணாமல் போயிருக்கிறார்.

"இன்னொரு தரம் கூப்பிடு," என்றார் கிழவர்.

"நாக்கு கூசுது மாமா."

"கூசட்டும். கூப்பிடு."

வாய்க்காரி என்று பெயரெடுத்தவளுக்கு மூச்சை ஒருமுறை இழுத்துவிட வேண்டியிருந்தது. "காசிமாலி," என்றாள், இந்தத் தடவை மெதுவாக.

தெருவில் விளையாடிக்கொண்டிருக்கும்போது வீட்டிலிருந்து குரல் கேட்ட பையனைப் போல அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"இதோ, வந்துட்டேன்," என்றார்.