முந்தி வரும் சத்தம்

தொண்ணூறுகளில் எங்கள் திண்டுக்கல் வீட்டில் கிரிக்கெட் பார்ப்பது என்றால் பாதி நேரம் பார்ப்பது, பாதி நேரம் பதறுவது. மொட்டைமாடி ஆன்டெனாவை, டிவி டவர் இருந்த கொடைக்கானல் மலைப் பக்கம் திருப்பி வைத்திருப்போம். காற்றடித்தால் படம் போய்விடும். காற்றடிக்காவிட்டால் செய்தி வந்துவிடும். கடைசி ஐந்து ஓவர் இருக்கும்போது செய்தி வாசிப்பவர் வந்து வணக்கம் சொல்லுவார். பள்ளிக்கூட வாத்தியாரான அப்பா அந்த மனிதரைத் திட்டாத திட்டில்லை.

பிறகு கேபிள் வந்தது. ஒரே பந்தை நாலு பக்கத்திலிருந்து காட்டினார்கள். ஒரு விக்கெட் விழுந்தால் அப்பாவுக்கு நாலு தடவை விழுந்தது.

ஓய்வு பெற்ற மறு வருடம் அவருக்கு மாரடைப்பு வந்து, பிழைத்தார். மேட்ச் பார்க்கலாம், திடீர் அதிர்ச்சி மட்டும் கூடாது என்றார் டாக்டர். அதிர்ச்சி இல்லாமல் மேட்ச் பார்ப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை. அப்போது வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நான், படமாவது தெளிவாக இருக்கட்டும் என்று மாடியில் டிஷ் மாட்டினேன்.

அதில் ஒரு கூத்து. பக்கத்து வீட்டு அரிசிக்கடைக்காரர் இன்னும் பழைய ஆன்டெனாவில்தான் பார்த்தார். அவருக்குப் பந்து முதலில் வந்துவிடும். சாட்டிலைட் வழியாகச் சுற்றி வருவதால் எங்களுக்கு மூன்று நான்கு விநாடி கழித்துத்தான். அவர் "ஆங்" என்று கத்தினால் பவுண்டரி, "போச்சு" என்றால் விக்கெட். எங்கள் டிவியில் அப்போதுதான் பவுலர் ஓடி வந்துகொண்டிருப்பார். எனக்கு எரிச்சல். அப்பாவுக்கு நிம்மதி.

"முன்னாடியே தெரிஞ்சுட்டா நெஞ்சு அடிச்சுக்கலம்மா" என்று ஜன்னலைத் திறந்தே வைத்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், கடைசி ஓவர். ஒன்பது ரன் வேண்டும். முதல் பந்து பவுண்டரிக்குப் போனது. பக்கத்து வீட்டில் மூச்சில்லை. அப்பா திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

"அவரு ஏன் கத்தல?"

"கரண்ட் போயிருக்கும்ப்பா."

"அவரு வீட்டு ஃபேன் சுத்துதே."

அடுத்த பந்தில் விக்கெட், அதுவும் சொல்லாமல் கொள்ளாமல். அப்பாவுக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. கை நெஞ்சுக்குப் போனது. டிவியை அணைத்தேன்.

அம்மா அடுக்களையிலிருந்து வந்து, தான்தான் காரணம் என்றாள். திடீர்ச் சத்தம் அவருக்கு ஆகாதென்று பயந்து, காலையிலேயே பக்கத்து வீட்டுக்குப் போய், "அண்ணே, அவருக்கு ஒடம்பு சரியில்ல, இன்னைக்கு மட்டும் சத்தம் போடாமப் பாருங்க" என்று கேட்டிருக்கிறாள். அந்த நல்ல மனிதர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்திருக்கிறார்.

அப்பா கோபப்படவில்லை. கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"மேட்சு என்னைய ஒண்ணும் பண்ணாது. நீங்க ரெண்டு பேரும் டிவியப் பாக்காம என் மூஞ்சியவே பாக்குறீங்கள்ல, அதத்தான் தாங்க முடியல."

சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். அன்றிலிருந்து மேட்ச் எல்லாம் அங்கேதான். ஜன்னல் வழியாக இரண்டு குரல்கள் கேட்கத் தொடங்கின.

நான் எங்கள் டிவி முன்னால் உட்கார்ந்திருப்பேன். யார் ஜெயித்தால் எனக்கென்ன. ஒவ்வொரு விக்கெட்டுக்கும் அப்பா குரலைத் தேடுவேன். அது கேட்காவிட்டால் ஒரு கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு, தயிருக்கு உறை கேட்கும் சாக்கில் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பேன். அரிசிக்கடைக்காரரின் மனைவி கிண்ணத்தைப் பார்க்கவே மாட்டார்.

"நல்லாத்தான் இருக்காரு, போ" என்பார்.