துளசி எண்ணிய நாற்பது

சின்ன காஞ்சிபுரத்துத் தறிவீட்டில் பிறந்த துளசிக்கு விரதம் புதிதில்லை. அப்பா மாலை போட்டால் நாற்பத்தெட்டு நாளும் இடையில் ஒரு நாள்கூட விடாமல் வீடே நோன்பிருக்கும். அதனால் கல்யாணத்துக்குப் பிறகு வந்த முதல் தவக்காலத்தை, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பை, கண்டு அவள் மிரளவில்லை.

அவளை மிரட்டியது மாமியார் மரியம்மாளின் வயிறுதான். மகன் சத்யராஜும் துளசியும் ஐயம்பேட்டையில் குடியிருக்க, மரியம்மாள் ஓரிக்கையிலிருந்து வருவார், பேசுவார், தண்ணீர் குடிப்பார். சோறு என்றால் மட்டும், "வயிறு சரியில்லம்மா." பத்து மாசமாகவா ஒரு வயிறு சரியில்லாமல் இருக்கும்? 'அவ புருஷனுக்காகத்தான் ஞானஸ்நானம் வாங்கினா' என்று அவர் யாரிடமோ சொன்னதும் காதுக்கு வந்தது. துளசிக்கு அழுகையைவிட ரோஷம்தான் அதிகமாக வந்தது.

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்றே நாட்காட்டியில் முதல் வட்டம் போட்டாள். ஒரே வேளைச் சோறு. கறி, மீன் கிடையாது. அவளுக்குப் பட்டுக்கடையில் வேலை. ஞாயிறென்றால் முகூர்த்தக் கூட்டம் அலைமோதும். முப்பது சேலையைப் பிரிக்க வைத்துவிட்டு, "யோசிச்சுட்டு வர்றோம்" என்று போகிறவர்களைப் பார்க்கும்போது கண் இருட்டும். இருந்தாலும் விடவில்லை. குருத்து ஞாயிறன்று நாற்பதாவது வட்டம் விழுந்தது. ஈஸ்டர் அடுத்த வாரம் என்று அவளுக்குத் தெரியும். வீடு கழுவி, துணி எடுக்க ஒரு வாரம் விட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

பிறந்ததிலிருந்து கிறிஸ்தவனான சத்யராஜாவது சொல்லியிருக்கலாம். அவனுக்குத் தெரிந்தது ஷேர் ஆட்டோ ஓட்டுவதும் சாப்பாடும்தான். நோன்பு முடிந்தது, அத்தைக்கும் பிரியாணி என்று அவள் மட்டன் வாங்கச் சொன்னதும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

திங்கட்கிழமை அவளுக்கு விடுமுறை. பிரியாணிக் குண்டானையும் கத்திரிக்காய்த் தொக்கையும் சத்யராஜின் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அவனோடு மதியம் ஓரிக்கையில் போய் இறங்கினாள். மரியம்மாள் அன்றைய ஒரு வேளைச் சோற்றுக்கு அப்போதுதான் உட்கார்ந்திருந்தார். தட்டில் வெறும் சோறும் ரசமும். துளசி மூடியைத் திறந்தாள். வாசனை தெருவரைக்கும் போனது.

"இன்னாம்மா இது? பெரிய வியாழன்கூட வரல, கறி ஆக்கிக்கினு வந்துக்கீற!"

துளசி மூடியைப் பாதி மூடினாள். "நாப்பது நாளு முடிஞ்சிடுச்சு அத்தே. ஒரு நாள்கூட விடாம எண்ணினேன்."

"விடாமன்னா? ஞாயித்துக்கெழமையுமா?"

"ஆமா அத்தே."

"ஞாயித்துக்கெழம ஆண்டவரு உசுரோட எழுந்த நாளாச்சே. அன்னிக்கு நோன்பு கெடையாது. நாங்கல்லாம் வயிறார சாப்ட்டுக்கினு இருந்தோம். நீ கடையில நின்னுக்கினு பட்டினியா?"

துளசி தலையசைத்தாள். எல்லாம் கெட்டது என்றுதான் நினைத்தாள். மரியம்மாள் விரல் விட்டு எண்ணினார். ஆறு ஞாயிறு. திரும்பவும் எண்ணினார். பிறகு முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழமையும் சேத்து உனக்கு நாப்பது ஆயிடுச்சு. எனக்குத்தான் இன்னும் ஆறு பாக்கி. ஒக்காரு, நீ கொண்டாடு."

தட்டெடுத்து அவரே பரிமாறினார். சத்யராஜும் கை நீட்டினான். சட்டென்று ஒரு அடி விழுந்தது.

"நீ எத்தினி நாளு இருந்தடா?"

சத்யராஜ் வாசலைப் பார்த்தான். துளசிக்குச் சிரிப்பு வந்தாலும் சோறு இறங்கவில்லை. "நீங்க சாப்பிடாம நான் மட்டும் எப்பிடி அத்தே?"

"அந்தத் தொக்குல கறி எதுனா போட்டிருக்கியா?"

"இல்ல அத்தே. கத்திரிக்காய், புளி, எள்ளு, அவ்ளோதான்."

மரியம்மாள் ரசத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, தன் வெறும் சோற்றில் இரண்டு கரண்டி தொக்கை ஊற்றிப் பிசைந்தார். துளசி அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் கவளம் உள்ளே போனது, இரண்டாவதும் போனது.

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்குது" என்றார் மரியம்மாள். பிறகு தட்டை அவள் பக்கம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்து."